பின்னால் கேட்ட குரல்

அன்று காலை புருல் மாவைப் பிசையவில்லை, அடித்தாள். தொட்டியில் மாவு விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும், பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எல்நூராவின் கை ஒரு கணம் நின்று மறுபடி அசைந்தது.

மாமியாருக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள். வேலை செய்வாள். இலையுதிர் காலத்தில் மருமகளாக வந்த நாளிலிருந்து எல்நூரா இதைத் தெரிந்து வைத்திருந்தாள்.

"அபா, டீ ஆறிடும்" என்றாள். அந்த ஊரில் அம்மாவையும் மாமியாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆறட்டும்."

தந்தூர் அடுப்பிலிருந்து முதல் வரிசை ரொட்டிகள் வெளியே வந்தன. நாரின் ஊர்ச் சந்தையில் புருலின் ரொட்டிக்கு விடிவதற்குள் வரிசை நிற்கும். நேற்றும் நின்றது. ஆனால் நேற்று வரிசையில் நின்றவர்கள் ரொட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். கறிக்கடை குல்பாரா ஒரு படி மேலே போய், ஆடு மாதிரி கத்திக் காட்டினாள்.

எல்லாம் அந்த வீடியோவால் வந்தது.

போன வாரம் எட்டாம் வகுப்பில் எல்நூரா ஒத்திகைப் பாடம் எடுத்தபோது ஸ்மார்ட் போர்டு ஹேங் ஆகிவிட்டது. தொட்டாள், அழுத்தினாள், அணைத்துப் போட்டாள். அசையவில்லை. பதற்றத்தில், பிள்ளைகள் இருப்பதையே மறந்து, "கண்ணு, ராஜாத்தி, இன்னிக்கி மட்டும் என்னைக் காப்பாத்திடு, வீட்டுக்குப் போய் நான் சமைக்கணும்" என்று போர்டிடம் கெஞ்சிவிட்டாள். பயிற்சி ஆசிரியர்கள் தங்கள் பாடத்தைப் பதிவு செய்து பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது கல்லூரி விதி. அதனால் கெஞ்சலும் பதிவாகிவிட்டது. அன்று வராத பிள்ளைகளுக்காக அந்தப் பதிவை வகுப்புக் குழுவில் அவளே போட்டாள். அந்த இடத்தை முன்கூட்டி வெட்டி எடுக்கத் தோன்றவில்லை.

வேறு யாருக்கோ தோன்றியது. அவள் கெஞ்சுகிற இடத்தை மட்டும் எடுத்து, போர்டு கீச்சுக் குரலில் பதில் சொல்வதுபோல் ஒட்டிவிட்டார்கள். "முடியாது போடி! நீ போய் ரொட்டி சுடு!" பிறகு ஓர் ஆட்டுக் கத்தல். மறுநாளே வாடகைக் கார் ஓட்டுபவர்கள், மருந்துக்கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸுகள் என்று ஊர் முழுக்க எல்லார் கைபேசியிலும் அது ஓடியது.

"என்னைச் சொன்னாக்கூடப் பரவால்ல" என்றாள் புருல், திடீரென்று. "ரொட்டி சுடுறது அவ்வளவு கேவலமாயிடுச்சா? இந்த ரொட்டியத் தின்னுட்டுத்தானே அந்தக் குரங்கு வளந்திருக்கும்?"

எல்நூரா தேநீர்க் கிண்ணங்களைத் துடைத்து வைத்தாள்.

"இங்க பாரு. படிக்கணும்னு சொன்ன, சரின்னேன். பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு சொன்ன, அதுக்கும் சரின்னேன். இன்னிக்கி பாடம் ஒழுங்கா முடிஞ்சா நல்லது. இன்னொரு தரம் எம் வீட்டுப் பேர ஊரு வாயில போட்டேன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து நீ கடைக்கு வா. அங்க யாரையும் கெஞ்ச வேண்டாம். மாவு தானா எந்திரிக்கும்."

"சரி அபா."

"நானும் வர்றேன். பெத்தவங்கள எல்லாம் கூப்பிட்டிருக்காங்கல்ல?"

கெட்டிலின் மூடி ஆடியது. எல்நூரா தலையை மட்டும் அசைத்தாள். கல்லூரியிலிருந்து மதிப்பீட்டாளர், தலைமை ஆசிரியை, பெற்றோர்கள், இப்போது மாமியாரும். இன்றைய திறந்த வகுப்பில் தேறினால்தான் பயிற்சி முடியும். தேறாவிட்டால் இந்த ஆண்டு பட்டம் இல்லை. அடுத்த ஆண்டு இந்த வீட்டில் யார் அவளை மறுபடி அனுப்புவார்கள்?

கைபேசி அதிர்ந்தது. தாலந்த். அவள் கணவன் எல்லைக் கணவாய்க்கு லாரி ஓட்டிப் போய் இரண்டு வாரமாகிறது.

"பயமா இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"அந்த வீடியோ போட்டவன் மட்டும் எங்கையில கெடச்சான்னு வையி..." என்று ஆரம்பித்து, பிறகு குரலை இறக்கினான். "முடியலன்னா விட்டுடு எல்நூரா. யாரும் தப்பா நெனைக்கப் போறதில்ல. நா வந்ததும் பேசிக்கலாம்."

அவள் அதை அன்பென்றுதான் எடுத்துக்கொண்டாள்.

மேசை ஓரத்தில் பெகிமாய் உட்கார்ந்திருந்தாள். தாலந்தின் தங்கை, எட்டாம் வகுப்பு. பாதாமிப்பழ ஜாம் என்றால் கிண்ணத்தை வழித்து நக்குகிறவள். இன்று ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாளே தவிர வாயில் வைக்கவில்லை.

*

எல்நூராவும் பெகிமாயும் பாலத்தைத் தாண்டினார்கள். உருகிய பனியும் சேறும் கலந்து பூட்ஸ் அடியில் சளக் சளக் என்றது. வீட்டில் எல்நூரா அவளுக்கு ஜெங்கே, அண்ணன் மனைவி. பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் எஜே, டீச்சர். இந்த மாற்றத்தைப் பெகிமாய் எப்போதும் கேலி செய்தபடிதான் செய்வாள். இன்று கேலி இல்லை.

"ஜெங்கே."

"ம்?"

"இன்னிக்கி பாடம் எடுக்காத. காய்ச்சல்னு சொல்லிடு."

எல்நூரா நின்றாள். "ஏன்டி?"

"சும்மாதான். மறுபடி ஹேங் ஆயிட்டா?"

"ஆகாது. இந்தத் தடவை எதையும் நெட்டுல வைக்கல. படம், கேள்வி எல்லாம் பென் டிரைவ்ல இருக்கு. நேத்து மூணு தரம் போட்டுப் பாத்தேன்."

"ஆனாலும்..."

"என்ன பெகிமாய்? ஏதாவது கேள்விப்பட்டியா?"

பெண் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தாள். பை முதுகில் குதித்தது. வேதியியல் ஒலிம்பியாடு போட்டிக்காகத் தலைநகர் பிஷ்கெக் போகிற அணியில் இந்தப் பள்ளியிலிருந்து தேர்வான ஒரே எட்டாம் வகுப்புப் பெண் அவள். ஒரு மாதமாக வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. இன்று அதையும் காணோம்.

*

ஆசிரியர் அறையில் தலைமை ஆசிரியை ரக்கியா மேசையில் கணினியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். தலாஸ் பக்கத்திலிருந்து இந்த ஆண்டுதான் மாற்றலாகி வந்தவள். குரலை உயர்த்தமாட்டாள். அதனாலேயே எல்லாருக்கும் அவளிடம் பயம்.

"வாங்க எல்நூரா. உக்காருங்க. இதக் கேளுங்க."

"எஜே, அது வேணாமே..."

"பாக்க வேணாம். கேளுங்க. ஸ்பீக்கர் போட்டிருக்கேன்."

எல்நூரா அந்த வீடியோவை ஒரே ஒரு தரம்தான் பார்த்திருந்தாள், அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. போர்டு சொல்கிற பதிலை ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். இப்போது அறை முழுக்க அவள் கெஞ்சல் கேட்டது. தரையைப் பார்த்தாள். பிறகு கீச்சுக் குரல்.

"குரல மாத்தியிருக்காங்க" என்றாள் ரக்கியா. "அத விடுங்க. அந்தக் குரலுக்குப் பின்னால என்ன கேக்குதுன்னு பாருங்க."

மறுபடி ஓட்டினாள். ஒலியைக் கூட்டினாள்.

'முடியாது போடி!' என்கிற கீச்சுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பெண் கத்தினாள். எதையோ திட்டினாள். வார்த்தை புரியாத அளவுக்கு மெல்லியது.

எல்நூராவுக்குப் புரிந்தது. தினமும் காலையில் கேட்கிற வார்த்தைகள். "அக்தோஷ்! வாயில என்னடா? போடு கீழ!" ரொட்டிக் கூடைப் பக்கம் நாய் போனால் புருல் போடுகிற சத்தம்.

சமையலறைக்கு அடுத்த அறை. சுவரோரக் கட்டில். போர்வைக்குள் புகுந்துகொண்டு கைபேசியில் கீச்சுக் குரலில் பேசிச் சிரிக்கிற ஒரு பெண். எல்லாம் கண்முன் வந்தது.

"எனக்கு யாருன்னு தெரியல" என்று ரக்கியா சொல்லிக்கொண்டிருந்தாள். "நா ஊருக்குப் புதுசு. ஆனா பெத்தவங்க வர்றாங்கல்ல, அதுல யாருக்காவது இந்தக் குரல் தெரிஞ்சிருக்கும். உங்க பாடம் முடிஞ்சதும் அங்கயே போட்டுக் காட்டப் போறேன். செஞ்சது யாரா இருந்தாலும் சரி, விளையாட்டு அணி, ஒலிம்பியாடு அணி எதுல இருந்தாலும் பேர எடுத்துடுவேன்."

"எஜே, நா மன்னிச்சுட்டேன். விட்டுடுங்களேன்."

"நீங்க மன்னிக்கலாம். ஆனா இது உங்களப் பத்தி மட்டும் இல்ல." ரக்கியா கணினியை மூடினாள். "நம்ம வாத்தியாருங்க பாதிப் பேரு அந்த போர்டுல கை வைக்கவே பயப்படறாங்க. தப்பாப் போனா ஊரே சிரிக்கும்னு ஆயிட்டா, நாளைக்கி யாரு தொடுவாங்க? துணியப் போட்டு மூடிட்டு மறுபடி சாக்பீஸ எடுத்துடுவாங்க."

எல்நூராவே அப்படி நினைத்த இரவுகள் உண்டு.

*

வகுப்பறையில் பின் வரிசை முழுக்கப் பெரியவர்கள். நடுவில் புருல், சந்தைக்குப் போகும் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி கறிக்கடை குல்பாரா. அவள் மகளும் இதே வகுப்பு. ஜன்னலோரம் கல்லூரியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் சன்ஜார் அகாய், அதாவது சன்ஜார் சார், மடியில் மதிப்பீட்டுத் தாள், மூக்கு நுனியில் கண்ணாடி.

இரண்டாவது பெஞ்சில் பெகிமாய். எல்நூரா அவளைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். பெகிமாய்க்குத் தெரிந்துவிட்டது, ஜெங்கேவுக்குத் தெரிந்துவிட்டது என்று. பெண்ணின் காது மடல் சிவந்தது.

மணி அடித்தது.

"இன்னிக்கி நம்ம ஆறு" என்று தொடங்கினாள் எல்நூரா. போர்டைத் தொட்டாள். விழித்துக்கொண்டது. நாரின் ஆறு வானத்திலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று ஒரு படம், கூடவே தண்ணீர் பாய்கிற சத்தம். பின் வரிசையில் யாரோ "ஓ" என்றார்கள்.

"கேள்வி. நம்ம ஆத்துல எப்போ தண்ணி அதிகமா ஓடும்? ஏப்ரலா, ஜூன் ஜூலையா, செப்டம்பரா, டிசம்பரா? கைபேசி வேணாம். அட்டைய எடுங்க."

ஒவ்வொரு பிள்ளையிடமும் கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தது. எந்தப் பக்கத்தை மேலே வைத்துத் தூக்குகிறார்களோ அதுதான் விடை. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுத முடியாது. கைபேசி இல்லாத பிள்ளைக்கும் கூச்சமில்லை. எல்நூரா தன் கைபேசி கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால், அது அட்டைகளைப் படித்துவிடும். யார் என்ன சொன்னார்கள் என்பது போர்டில் வண்ணப் பட்டைகளாக எழும். இதைப் பழகத்தான் அவளுக்கு மாதக்கணக்கில் ஆனது.

அட்டைகள் உயர்ந்தன. கேமரா நகர்ந்தது. கைபேசியில் பெயர்கள் பச்சையாயின.

போர்டில் ஒன்றும் வரவில்லை.

நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் போய்விட்டது. படங்களையும் கேள்விகளையும் பென் டிரைவில் வைத்தவள், கைபேசியும் போர்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே நெட் வழியாகத்தான் என்பதை யோசிக்கவில்லை.

யாரோ ஒரு பிள்ளை அடக்க முடியாமல் "மே..." என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். பின் வரிசையில் குல்பாராவின் தோள் குலுங்கியது. புருலின் விரல்கள் கைப்பையின் பிடியை இறுக்கிக்கொண்டன.

எல்நூராவின் கை தன்னால் போர்டின் பக்கம் போயிற்று, அழுத்திப் பார்க்க. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

கைபேசியைப் பார்த்தாள். விடைகள் அதில் இருந்தன. வராதது படம்தான்.

"சரி, படம் வரலன்னா நாமளே வரைவோம்" என்றாள். சுற்றுகிற வட்டத்தை ஒரு விரலால் ஓரம் தள்ளிவிட்டு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். விரலாலேயே நான்கு கோடு போட்டாள். "ஏப்ரல்னு சொன்னவங்க கூட்டம் இம்மாம் பெருசு. ஜூன் ஜூலை இத்தினிக்கூண்டு. செப்டம்பர் ஒருத்தர். டிசம்பர்னு சொன்ன புத்திசாலி யாரோ இருக்காங்க, பேரு சொல்ல மாட்டேன்."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை.

"ஏப்ரல்னு ஏன் சொன்னீங்க?"

"பனி உருகுது எஜே! இப்பவே தெருவெல்லாம் சேறு!"

"தெருவுல உருகுது. மேல?" பென் டிரைவிலிருந்து இரண்டு படங்களை அருகருகே வைத்தாள். ஒரே மலை, ஏப்ரலிலும் ஜூலையிலும், வானத்திலிருந்து எடுத்தது. நடுவில் இருந்த கோட்டை விரலால் இழுத்தாள். வெள்ளை பின்வாங்கிப் பச்சையும் பாறையும் எழுந்து வந்தன. கோட்டைத் திரும்பத் தள்ளினாள். வெள்ளை இறங்கி மூடிக்கொண்டது.

குல்பாராவின் மகள் எழுந்தே நின்றுவிட்டாள். "அது எங்க மாமா ஆடு மேய்க்கிற எடம்! ஜூன்ல போனாக்கூட அங்க பனி கெடக்கும்!"

"அப்போ அந்தப் பனி எப்போ ஆத்துக்கு வரும்?"

பல குரல்கள் ஒரே நேரத்தில்: "ஜூன்! ஜூலை!"

"அட்டையத் தூக்குங்க."

தூக்கினார்கள். கேமராவே தேவைப்படவில்லை. விடையை வாய்விட்டுக் கத்திக்கொண்டேதான் தூக்கினார்கள். பெகிமாயின் அட்டை மட்டும் மேசையில் கிடந்தது.

மணி அடித்தபோது எல்நூராவின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. சன்ஜார் அகாய் தாளில் ஏதோ கிறுக்கினார். எழுந்து வந்தார்.

"வரையும்போது பிள்ளைங்களுக்கு முதுகக் காட்டாதீங்க. அட்டைப் பயிற்சிய நெட் இல்லாமலும் பழகிக்கங்க." கண்ணாடியைக் கழற்றினார். "மத்தபடி தேறிட்டீங்க."

அவளுக்குச் சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. ரக்கியா முன்னால் வந்துவிட்டாள்.

*

"பெத்தவங்க அஞ்சு நிமிஷம் உக்காருங்க. பிள்ளைங்களும்தான்."

"எஜே," என்று எல்நூரா மெல்ல அவள் பக்கம் போனாள். "போர்டுல சத்தம் சரியா வேலை செய்யல."

"இப்பத்தான் ஆறு ஓடுற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சே." ரக்கியா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும் என்றால் பெகிமாயின் பிஷ்கெக் போய்விடும். தெரியாது என்றால் இன்னும் ஒரு நிமிடத்தில் இத்தனை பேர் நடுவில் மாமியாரின் குரல் கேட்கும்.

"தெரியாது எஜே."

வாழ்க்கையில் அவள் பள்ளிக்கூடத்துக்குள் பொய் சொன்னது அன்றுதான் முதல் முறை.

"இந்த வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க" என்றாள் ரக்கியா கூட்டத்தைப் பார்த்து. "பாத்துச் சிரிச்சும் இருப்பீங்க. இப்போ சிரிக்காமக் கேளுங்க. பின்னால ஒரு அம்மா குரல் கேக்குது. யாரோடதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க."

எல்நூரா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தன் கெஞ்சலைக் கேட்டாள். கீச்சுக் குரலைக் கேட்டாள். அதற்குப் பின்னால், பெரிய ஸ்பீக்கரில், முன்பைவிடத் தெளிவாக, "அக்தோஷ்! வாயில என்னடா?"

சந்தையில் புருல் கையால் ரொட்டி வாங்காத வீடு அந்த அறையில் இல்லை. தலைகள் ஒவ்வொன்றாக நடு நாற்காலிப் பக்கம் திரும்பின. முதலில் சிரித்தது குல்பாராதான்.

நாற்காலி தரையில் தேய்ந்தது. புருல் எழுந்து நின்றாள்.

"சிரி குல்பாரா. நேத்து எம் மருமகளப் பாத்துச் சிரிச்ச. இன்னிக்கி என்னப் பாத்துச் சிரிச்சுக்க."

குல்பாரா வாயை மூடிக்கொண்டாள்.

"அது எங்குரல்தான்" என்றாள் புருல் தலைமை ஆசிரியையைப் பார்த்து. "என் நாயத் திட்டறேன். அப்போ இந்தக் கூத்து எம் வீட்டுலதான் நடந்திருக்கு. ஊரெல்லாம் தேடி, கண்டவன் பிள்ளையெல்லாம் சபிச்சேன். எம் பிள்ளையத் தவிர." மூச்சு வாங்கினாள். முகம் தந்தூர் அடுப்பின் முன் நிற்கும்போது சிவப்பதுபோலச் சிவந்திருந்தது. "பெகிமாய். எந்திரி."

பெகிமாய் எழுந்தாள். "நான்தான் பண்ணேன்" என்றாள்.

ரக்கியா வீடியோவை நிறுத்தினாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. "காலையில எல்நூராகிட்ட நா சொன்னது சொன்னதுதான்மா. ஒலிம்பியாடு அணியில..."

"எடுத்துடுங்க" என்றாள் புருல்.

"எஜே, வேணாம்!" எல்நூரா குறுக்கே வந்துவிட்டாள். "தண்டனை குடுங்க. இந்த போர்டு முன்னாடியே நிக்க வைங்க. பாடம் எடுக்கச் சொல்லுங்க, எவ்வளவு பயமா இருக்கும்னு தெரியட்டும். படிப்பத் தடுக்காதீங்க. என்னைத் தடுக்கப் பாத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

ரக்கியா இரு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "திங்கக்கிழமை சொல்றேன்" என்றாள். அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை.

புருல் கோட்டின் பொத்தானைப் போட்டாள். வாசலுக்குப் போகிற வழியில் மருமகள் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். அந்த வட்டம் சுற்றிய இடத்தைக் கையால் காட்டினாள்.

"அது நின்னப்போ எனக்கு மூச்சே நின்னுடுச்சு" என்றாள். "நீ நிக்கல."

கடைக்கு வரச்சொல்லிப் பேச்சே எடுக்கவில்லை.

*

பள்ளி முற்றத்தில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பெகிமாய் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். புருல் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றாள். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வேலை எதுவும் கையில் இல்லாததால் கையுறையைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டினாள்.

எல்நூரா குனிந்தாள். "ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"சும்மா சிரிக்கத்தான் ஜெங்கே. சத்தியமா. நீ பள்ளிக்கூடம் வந்ததுலேர்ந்து பாத்திரமெல்லாம் எந்தலையில. கொஞ்சம் கோவம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா ஊருக்கெல்லாம் நா அனுப்பல."

"பின்ன எப்படிப் போச்சு?"

"நா ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன்."

"யாருக்கு?"

பெகிமாய் அம்மாவின் முதுகைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். ஆனால் முற்றத்தில் காற்றில்லை.

"அண்ணனுக்கு. போன்ல எப்பவும் சோந்து போய்ப் பேசுதே, சிரிக்கட்டும்னு. மறுநாள் பாத்தா ஊரே பாக்குது. பயந்துபோய் அண்ணன்கிட்ட கேட்டேன். 'நீ வாயத் திறக்காத, உங்க ஜெங்கே வீட்டோட இருந்தா எல்லாருக்கும் நல்லது'ன்னு சொல்லுச்சு."

புருலின் கை கையுறையோடு அப்படியே நின்றது.

காலையில் கேட்ட அந்த மென்மையான குரல் எல்நூராவுக்குள் மறுபடி ஓடியது. படிக்க வைக்கிறேன் என்று பெண் பார்க்க வந்த அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னவன். அவளுடைய முதல் பாடத்தின் புகைப்படத்தை லாரியின் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னவன்.

"அபாகிட்ட சொல்லிடாத ஜெங்கே" என்று பெகிமாய் கெஞ்சும்போதே புருல் திரும்பிவிட்டாள்.

அப்போதுதான் எல்நூராவின் கோட்டுப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்தாள். திரையில் தாலந்தின் சிரித்த முகம்.

மூன்று பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

புருல் கையை நீட்டினாள். "குடு இங்க. நா பேசறேன்."

எல்நூரா கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமியார் நேராகக் கேட்ட எதையும் அவள் இதுவரை ஒரு முறையும் மறுத்ததில்லை.

"வேணாம் அபா" என்றாள். "இத நானே பேசறேன்."

பச்சை வட்டத்தைத் தொட்டாள்.

"என்ன ஆச்சு எல்நூரா? பாடம் போச்சா?" தாலந்தின் குரலில் அக்கறை வழிந்தது. "அழாத. நான்தான் சொன்னேன்ல..."

"அழல" என்றாள் அவள். "அந்த வீடியோவப் பத்தி ஒரு கேள்வி கேக்கறேன். யோசிச்சு பதில் சொல்லுங்க. பக்கத்துல உங்க அம்மா நிக்கறாங்க."

மறுமுனையில் லாரி இன்ஜின் அணைந்தது.